மறையும்போது தெரிந்த நீலம்

அந்தக் கோளை இதுவரை யாரும் பார்த்ததில்லை. நீலப் பந்தின் மேல் வெண்பட்டைகள் சுழல்வதுபோல் பத்திரிகைகளில் வரும் படம் ஓவியர்கள் வரைந்தது. பட்டைகள் அவர்கள் கற்பனை. நீலம் மட்டும் கற்பனை அன்று. அது அளந்து கண்டது. டாம் எவான்ஸ், ஃப்ரெடெரிக் பான்ட் முதலியோர் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியைக் கொண்டு அளந்து 2013இல் வெளியிட்டார்கள். அளந்த விதத்தை நினைக்கும்போதெல்லாம் நான் சொக்கிப்போகிறேன். கோள் தன் விண்மீனுக்குப் பின்னால் போய் மறைந்தது. மறைந்த அந்த நேரத்தில், நமக்கு வந்துகொண்டிருந்த ஒளியில் நீலம் ஒரு துளி குறைந்தது. பச்சை குறையவில்லை. கோள் மறுபுறம் வெளியே வந்ததும் நீலம் பழைய அளவுக்குத் திரும்பியது. அப்படியானால் காணாமல்போன நீலம் கோளுடையது.

நம் பழைய உரையாசிரியர்கள் ஒரு செய்யுளில் ‘உம்’ என்ற இடைச்சொல்லைக் கண்டால் சும்மா கடந்து போகமாட்டார்கள். சிறப்பும்மையா, எச்சவும்மையா என்று நின்று பார்ப்பார்கள். எச்சவும்மை என்றால், சொல்லாமல் விட்ட இன்னொன்று எது என்று தேடி எடுத்து நம் கையில் வைப்பார்கள். இந்தக் கோளைப் படித்தவர்களிடம் எனக்குத் தெரிவது அந்தப் பொறுமைதான். அவர்களுக்குக் கிடைத்த பாடம் ஒரே ஒரு புள்ளி ஒளி. கோளும் விண்மீனும் அதில் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன. எந்த நிறத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து ஓர் உலகத்தின் வெயில், காற்று, மேகம், நாற்றம் வரை உரை எழுதியிருக்கிறார்கள்.

கோளின் பெயர் எச்.டி. 189733 பி. வெறும் எண்ணாகத் தெரியும் இந்தப் பெயருக்குள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள். ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் விண்மீன்களின் நிறமாலைகளைப் படம் பிடிக்கும் வேலையில் இறங்கி, அது முடியுமுன் 1882இல் 45 வயதில் இறந்துபோனார். வேலை நின்றுவிடக் கூடாது என்று அவர் மனைவி அன்னா பால்மர் டிரேப்பர் ஹார்வர்டு வானாய்வகத்துக்குப் பொருளுதவி செய்தார். அங்கே ஆனி ஜம்ப் கேனன், காது மந்தமாகிவிட்ட ஒரு பெண்மணி, கண்ணாடித் தகடுகளில் பதிந்த இரண்டே கால் லட்சம் விண்மீன்களின் நிறமாலைகளைப் பார்த்து வகை பிரித்தார். 1918 முதல் 1924 வரை ஒன்பது தொகுதிகளாக வந்த அந்தப் பட்டியலில் 189733ஆவது வரி இந்த விண்மீன். அதைச் சுற்றும் ஓர் உலகத்தின் காற்றை இன்னொரு தலைமுறை முகர்ந்து பார்க்கப்போகிறது என்று அந்த வரியை எழுதியபோது அவருக்குத் தெரிந்திருக்காது.

ஆவணி, புரட்டாசி இரவுகளில் எட்டு, ஒன்பது மணிக்கு மேகமில்லாத தமிழ்நாட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தால் அந்த இடம் ஏறத்தாழ உச்சிக்கு அருகில் இருக்கும். நாம் திருவோணம் என்று சொல்லும் விண்மீன் எளிதில் கண்ணில் படும். இருபுறமும் மங்கலான இரண்டு விண்மீன்களோடு ஒரே வரிசையில் நிற்கும். அங்கிருந்து வடக்கே, நீட்டிய கையின் மடக்கிய முட்டி அளவில் ஒன்றரை முட்டி தூரம். சின்ன நரி என்று பொருள்படும் வுல்பெகுலா மண்டலம் அது. பிரகாசமான விண்மீன் ஒன்றுகூட இல்லாத, கண் எளிதில் தாவிப் போய்விடும் பகுதி. நம் விண்மீன் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதன் பிரகாச அளவு 7.7. ஆனால் நல்ல இருநோக்கி இருந்தால் போதும். அதற்குப் பக்கத்திலேயே, முழுநிலவின் அகலத்தில் பாதி இடைவெளியில், சார்ல் மெசியே 1764இல் கண்ட டம்பெல் நெபுலா புகைபோலத் தெரியும். பக்கம் என்பது நம் கண்ணுக்கு மட்டும்தான். நெபுலா ஆயிரம் ஒளியாண்டுகளுக்கும் அப்பால். விண்மீன் 64 ஒளியாண்டுத் தொலைவில்.

பிரான்சின் தெற்கே ஓத்-புரோவான்ஸ் வானாய்வகத்தில் ஃபிரான்சுவா புஷியும் அவர் குழுவினரும் 2005இல் இந்தக் கோளைக் கண்டார்கள். சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் முதல் கோளை மிஷேல் மேயரும் டிடியே கெலோசும் 1995இல் கண்டதும் அதே வானாய்வகத்தில்தான், அதே எலோடி நிறமாலைக் கருவியில்தான். கோள் வியாழனைவிடச் சற்றுப் பெரியது, சற்றுக் கனமானது. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றப் பன்னிரண்டு ஆண்டு ஆகிறது. இதற்கு 53 மணி நேரம் போதும். திங்கள் காலை ஆறு மணிக்கு ஆண்டு பிறந்தால் புதன் காலை பதினொன்றுக்கு அடுத்த ஆண்டுப் பிறப்பு. தன் விண்மீனிலிருந்து 50 லட்சம் கி.மீ.கூடத் தள்ளி இல்லை. நொடிக்கு 150 கி.மீ. வேகத்தில், நம் பூமியைப்போல் ஐந்து மடங்கு விரைவாக ஓடுகிறது.

இவ்வளவு நெருக்கத்தில் சுற்றும் கோள், நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல், தன் விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டும் என்று கணக்கு சொல்கிறது. ஒரு பக்கம் மாறாத பகல், மறுபக்கம் மாறாத இரவு. பகல் பக்கத்தில் நிற்கத் தரை இல்லை. உள்ளே போகப்போக ஹைட்ரஜனும் ஹீலியமும் அடர்ந்துகொண்டே போகும், அவ்வளவுதான். மேலே மிதந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். நம் சூரியனைப்போல் 25 மடங்கு அகலமான ஒரு வட்டம் வானத்தில் நிற்கும். அந்த விண்மீன் நம் சூரியனைவிடச் சிறியது, மங்கலானது, சற்று மஞ்சள் கூடியது. இருந்தும் பூமியில் நம் மேல் விழும் வெயிலைப்போல் 300 மடங்குக்கு மேல் அங்கே விழுகிறது. அந்த வட்டம் எழுவதும் இல்லை, சாய்வதும் இல்லை. காலை என்பதும் மாலை என்பதும் அங்கே பொழுதுகள் அல்ல, இடங்கள். பகலும் இரவும் சந்திக்கும் விளிம்பில் ஒரு பாதி என்றென்றைக்கும் விடியல். மறுபாதி என்றென்றைக்கும் அந்தி. இந்த இரண்டு விளிம்புகளும் பின்னால் திரும்ப வரும்.

ஒரு கோளைப் படிக்க வாய்ப்பான பொருத்தங்கள் எல்லாம் இதற்கு வாய்த்திருக்கின்றன. விண்மீன் சிறியது, அருகில் இருக்கிறது, கருவிகளுக்குப் போதிய பிரகாசம் உடையது. கோள் பெரியது. அதன் பாதை நம் பார்வைக்கு நேராக, விண்மீனின் முகத்தைக் குறுக்கே கடப்பதாக அமைந்திருக்கிறது. கடக்கும் ஒவ்வொரு முறையும் விண்மீனின் ஒளி நாற்பதில் ஒரு பங்கு குறைகிறது. இது இத்துறையில் பெரிய குறைவு. ஆகவேதான் புதுக் கருவி ஒன்று வரும்போதெல்லாம் வானியலாளர்கள் முதலில் திருப்பிப் பார்க்கும் சில கோள்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது.

அப்படித் திருப்பிய கருவிகளில் எனக்கு மிகப் பிடித்தது ஸ்பிட்சர். வெப்பத்தைக் காணும் அகச்சிவப்புத் தொலைநோக்கி அது. ஹெதர் நட்சனும் உடன் உழைத்தவர்களும் அதை இந்தக் கோளின் பக்கம் திருப்பி 33 மணி நேரம் விடாமல் பார்த்தார்கள். இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான அளவுகள் எடுத்தார்கள். கோள் சுற்றச் சுற்ற அதன் இரவுப் பக்கம் மெல்லத் திரும்பிப் பகல் பக்கம் நம்மை நோக்கி வரும். அப்போது மொத்த வெப்ப ஒளி மயிரிழை மயிரிழையாக ஏறும். அந்த ஏற்றத்தை வைத்து, புள்ளியாகக்கூடப் பிரித்துக் காண முடியாத ஓர் உலகத்துக்கு நிலநடுக்கோட்டு நெடுகிலும் வெப்ப வரைபடம் போட்டுவிட்டார்கள். 2007இல் வெளிவந்த அந்த வரைபடம்தான் வேறொரு விண்மீனின் கோளுக்கு மனிதர் வரைந்த முதல் வரைபடம்.

வரைபடம் சொன்ன முதல் செய்தி வியப்பானது. மாறாத இரவில் கிடக்கும் பக்கம் குளிர்ந்து உறைந்திருக்கும் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். அங்கே 700 டிகிரி செல்சியஸ். பகல் பக்கம் 940. இரவில் அலுமினியப் பாத்திரம் உருகி ஓடும். பகலில் வெள்ளிக் கொலுசு ஒன்று மட்டும் இருபதே டிகிரி வித்தியாசத்தில் உருகாமல் தப்பும். 700 டிகிரியில் இரும்பு கொல்லன் உலையில் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்; இருட்டில் மங்கிய செம்மை. விண்மீனே தெரியாத அந்த இரவு வானமும் உள்ளிருந்து வரும் அத்தகைய செம்மையில் கனிந்துகொண்டிருக்கக்கூடும். வெயிலே படாத இடத்துக்கு அந்த வெப்பத்தை யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்? காற்றுதான். இதைவிட நுட்பமான இன்னொரு சான்றையும் அதே வரைபடம் வைத்திருந்தது.

மிகச் சூடான இடம் உச்சிக்கு நேர்கீழே இல்லை. கிழக்கே 16 பாகை தள்ளி இருந்தது. கேட்பதற்குச் சின்ன விலகல். கொஞ்சம் நின்று பார்த்தால் அதன் அழகு புரியும். உச்சிக்கு நேர்கீழான இடத்திலிருந்து கிழக்கே நகர்ந்தால் விண்மீன் மேற்கே சற்றுச் சாய்ந்து தெரியும். நம் ஊர்க் கணக்கில் 15 பாகைக்கு ஒரு மணி நேரம். ஆக, பொழுதே நகராத அந்த உலகத்தில், வெயில் உக்கிரமாக இருக்கும் இடம் உச்சிவேளை கழிந்து ஒரு மணி நேரம் ஆன இடம். நமக்கும் பகல் பன்னிரண்டைவிட இரண்டு, மூன்று மணிக்குத்தான் வெயில் பொசுக்குகிறது. நம் ஊரில் அது நிலமும் காற்றும் சூடேற எடுத்துக்கொள்ளும் நேரம். அங்கே, உச்சியில் சூடான காற்றை அதே இடத்தில் இருக்க விடாமல் கிழக்கே தள்ளிக்கொண்டு போகிறது ஒரு பெருங்காற்று. பதினாறு பாகை என்ற எண்ணுக்குள் அந்தக் காற்றின் கைத்தடம் இருக்கிறது. காற்றை நேரில் அளக்க எட்டு ஆண்டுகள் இருந்தபோதே இந்த எண் அதைச் சொல்லிவிட்டது.

நேரில் அளந்தவர்கள் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் லவுடனும் பீட்டர் வீட்லியும். ஆண்டு 2015. அவர்கள் செய்த வேலையை நான் பலமுறை பலரிடம் விளக்கியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியோடு. கோள் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது அதன் ஓரத்துக் காற்று வழியே கொஞ்சம் ஒளி ஊடுருவி வருகிறது. அந்தக் காற்றில் சோடியம் இருக்கிறது. அடுப்புத் தீயில் உப்புத் தெறித்தால் சட்டென்று ஒரு மஞ்சள் சுடர் எழுமே, அந்த மஞ்சளுக்குச் சொந்தமான சோடியம். நம் தெருக்களில் முன்பு எரிந்த மஞ்சள் விளக்குகளுக்குள் இருந்ததும் அதுவே. எரியும்போது உமிழும் அதே மஞ்சளை, வெளிச்சத்தின் குறுக்கே நிற்கும்போது விழுங்கிவிடும். விழுங்கிய இடத்தில் நிறமாலையில் கறுப்புக் கோடு விழும். சோடியம் நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம். நெருங்கும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும் விலகும் ரயிலின் ஊதல் தழைந்தும் கேட்பதைப் போன்றதே இதுவும்.

இதுவரை பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். நுட்பம் இனிமேல். கோள் விண்மீனின் முகத்துக்குள் நுழையும் முதல் சில நிமிடங்களில் அதன் முன்விளிம்பு மட்டும் ஒளியின் முன் நிற்கும். வெளியேறும் கடைசி நிமிடங்களில் பின்விளிம்பு மட்டும். முன்விளிம்புதான் என்றைக்கும் விடியலாக இருக்கும் ஓரம். பின்விளிம்பு என்றைக்கும் அந்தியாக இருக்கும் ஓரம். நுழைதலையும் வெளியேறுதலையும் தனித்தனியே படித்தால் விடியலின் காற்றும் அந்தியின் காற்றும் தனித்தனியே அகப்படும். விடியல் ஓரத்தில் காற்று நொடிக்கு 2.3 கி.மீ. வேகத்தில் நம்மை விட்டு விலகிப் பகலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தி ஓரத்தில் நொடிக்கு 5.3 கி.மீ. வேகத்தில் பகலிலிருந்து இரவுக்குள், நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது. கோள் தன்னைத்தானே சுற்றும் வேகத்தைக் கழித்துவிட்டால், மேற்கிலிருந்து கிழக்கே நொடிக்குச் சுமார் 2 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று மிஞ்சுகிறது. 1999இல் ஒடிசாவைச் சிதைத்த பெரும்புயல் மணிக்கு 260 கி.மீ. இது மணிக்கு 7,000க்கும் மேல். ஸ்பிட்சர் கண்ட பதினாறு பாகையைத் தள்ளிய காற்று இதுவே. ஒரு கருவி வெப்பத்தில் ஊகித்ததை, வேறு நாட்டவர் வேறு கருவியில் ஒரு கறுப்புக் கோட்டின் அசைவில் கண்டு உறுதி செய்தார்கள். இரண்டு ஏட்டுச் சுவடிகளில் ஒரே பாடம் கிடைத்ததுபோல.

இந்தக் காற்றைப் பற்றி எழுதும்போது ‘ஒலியைப்போல் ஏழு மடங்கு வேகம்’ என்று சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் ஊர்க் காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது. அதோடு ஒப்பிட்டாலும் கணக்கு ஏறத்தாழ ஆறு மடங்குதான். ஆனால் அந்தக் காற்று வீசுவது நம் ஊரில் அன்று. ஹைட்ரஜன் மிக இலேசானது. அது ஆயிரம் டிகிரியை நெருங்கும் சூட்டில் இருக்கிறது. இலேசான, சூடான வாயுவில் ஒலியும் விரைந்து ஓடும். கணக்கிட்டால் அங்கே ஒலி நொடிக்கு ஏறக்குறைய இரண்டரை கி.மீ. போகும். ஆக, காற்று ஒலியை ஏழு மடங்கு முந்திக்கொண்டு போகவில்லை. அதன் தோளை ஒட்டி ஓடுகிறது. ஏழு மடங்கு என்றால் வாய் பிளக்கத் தோன்றும். ஒரு கோள் முழுவதையும் சுற்றி வரும் காற்று அந்தக் கோளுக்கே உரிய ஒலியின் வேகத்துக்கு அவ்வளவு அருகில் நிற்கிறது என்பது எனக்கு அதைவிட ருசியாக இருக்கிறது.

கண்ணாடி மழை என்ற பேச்சையும் இப்படித்தான் நிதானித்துச் சுவைக்க வேண்டும். அங்கே கண்ணாடிச் சில்லுகள் பக்கவாட்டில் மழையாகப் பெய்கின்றன என்று பலரும் எழுதிவிட்டார்கள். காற்றில் சிலிகேட் துகள்கள் இருக்கலாம் என்று 2008 முதலே சொல்லிவந்தார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பகல் பக்கத்தின் அகச்சிவப்பு ஒளியில் சிலிகான் டையாக்சைடின் அடையாளத்தைப் பார்த்தது. 2024இல் முடிவு வெளிவந்தது. மேகங்கள் குவார்ட்ஸால் ஆனவை. நம் கிராமத்துப் பிள்ளைகள் இருட்டில் ஒன்றோடொன்று உரசிப் பொறி பறக்கவிடும் வெங்கச்சங்கல்தான் குவார்ட்ஸ். ஆற்று மணலில் வெயில் பட்டால் மினுக்குவதும் பெரும்பாலும் அதுதான். அதே சிலிகானும் ஆக்சிஜனும் ஒழுங்காக அடுக்கி நின்றால் படிகம். உருகி, ஒழுங்கு சேருமுன் உறைந்துவிட்டால் கண்ணாடி. குவார்ட்ஸ் உருக 1,700 டிகிரி வேண்டும். அந்த மேகங்களில் அவ்வளவு சூடு இல்லை. ஆகவே உருகிய கண்ணாடி சொட்டுவதாக எண்ண வேண்டாம். துகளின் அளவைக் கேட்டால் சில்லு என்ற சொல்லையும் கைவிடத்தான் வேண்டும். ஒரு தலைமுடியின் அகலத்துக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வரிசையாக வைக்க வேண்டிய அளவு அவை. உடலைக் கிழிக்கும் மழை அன்று, புகை. சாம்பிராணிப் புகையைவிட மெல்லிய, கல்லால் ஆன புகை. ஒலியின் வேகத்தை ஒட்டி ஓடும் காற்றில் ஏறி, விடியல் ஓரத்திலிருந்து அந்தி ஓரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும் மணற்புகை.

நீலத்துக்குக் காரணமும் இந்தப் புகைதான். சாம்பிராணி போட்ட வீட்டில், கதவிடுக்கு வழியே விழும் வெயிலில் புகை இளநீலமாகத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். மிகச் சிறிய துகள்கள் நீல ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கும். சிவப்பை அதிகம் சீண்டாமல் விட்டுவிடும். அந்தக் கோளின் மேல் விழும் நீல ஒளியில் சுமார் நாற்பது சதவீதத்தை இந்தத் துகள்கள் திருப்பி அனுப்புகின்றன. பச்சைக்கும் மஞ்சளுக்கும் என்ன ஆயிற்று? சோடியம் விழுங்கிவிட்டது. காற்றின் வேகத்தை நமக்குக் காட்டிக்கொடுத்த அதே சோடியம், மஞ்சளைச் சுற்றி இருபுறமும் அகலமாகத் தின்று, நீலத்தை மட்டும் எஞ்ச விடுகிறது. கல் கொடுத்ததும் உப்பு எடுத்ததும் போக மிஞ்சியதே அந்த நிறம். அதைக் கோபால்ட் நீலம் என்கிறார்கள். நம் வேலியில் படரும் சங்குப்பூவை நினைத்துக்கொள்கிறேன் நான். தொலைவிலிருந்து பார்த்தால் பூமியும் நீலப் புள்ளிதான். நம் நீலத்தில் கடல் இருக்கிறது. அந்த நீலத்தில் ஒரு சொட்டு ஈரமான கடல்கூட இல்லை.

அந்த அளவின் நுண்மையையும் சொல்லிவிடுகிறேன். கோள் மறைந்தபோது குறைந்த நீலம், மொத்த நீல ஒளியில் பத்து லட்சத்தில் 126 பங்கு. அதிலும் முப்பத்தாறு, முப்பத்தேழு பங்கு கூடக் குறைய இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பச்சையில் கிடைத்த குறைவு பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது பூச்சியம் என்றே கொள்ளலாம். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தையே நாம் ‘நீலம்’ என்று வாசிக்கிறோம். தங்கள் அளவின் தள்ளாட்டத்தை மறைக்காமல் பக்கத்திலேயே எழுதி வைப்பது எனக்கு அந்த நிறத்தைவிட அழகாகப் படுகிறது.

பாடபேதங்களும் உண்டு. 2008இல் இந்தக் கோளின் காற்றில் மீத்தேன் இருப்பதாக ஒரு வாசிப்பு வந்து பெரிதாகப் பேசப்பட்டது. அதே ஏட்டை எடுத்து மீண்டும் படித்த வேறு சிலர், கருவியின் குணத்தைச் சரியாகக் கழிக்காவிட்டால் இல்லாததும் தெரியும் என்று ஐயம் எழுப்பினார்கள். வெப் தொலைநோக்கியின் கூரிய கண் வந்த பிறகு குவாங்வெய் ஃபூவும் அவரோடு ஆய்ந்தவர்களும் 2024இல் பார்த்தபோது மீத்தேன் தென்படவில்லை. நீராவி இருந்தது, கார்பன் டையாக்சைடு இருந்தது, கார்பன் மோனாக்சைடு இருந்தது. கூடவே, சூரியக் குடும்பத்துக்கு வெளியே வேறெந்தக் கோளிலும் அதுவரை உறுதியாகக் காணாத ஒன்று: ஹைட்ரஜன் சல்பைடு. கூமுட்டையை உடைத்தால் வருமே, அந்த நாற்றம். மனித மூக்கு நூறு கோடியில் ஒரு சில பங்கு இருந்தாலே இதைக் கண்டுபிடித்துவிடும். 64 ஒளியாண்டுக்கு அப்பால் அதைக் கண்டுபிடிக்க மூக்கு வேண்டியிருக்கவில்லை; கோள் கடக்கும்போது அகச்சிவப்பில் விழுந்த ஒரு சின்னப் பள்ளம் போதுமானதாயிற்று. சங்குப்பூ நிறம், கூமுட்டை நாற்றம், நடுவில் மணற்புகை. கற்பனையால் இப்படி ஒரு சேர்க்கையைக் கட்டியிருக்க முடியாது என்று தோன்றுகிறது.

அந்த உலகம் அப்படியே நின்றுகொண்டும் இல்லை. மேல்விளிம்பில் ஹைட்ரஜன் கொதித்து வெளியேறிக்கொண்டிருக்கிறது. 2010 ஏப்ரலில் ஹப்பிள் பார்த்தபோது அந்த வெளியேற்றத்தின் தடம் தெரியவில்லை. 2011 செப்டம்பரில் பார்த்தபோது புற ஊதா ஒளியில் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் மாறியது என்ன? அந்தச் செப்டம்பர்க் கடப்புக்கு எட்டு மணி நேரம் முன்பு விண்மீன் திடீரென்று எக்ஸ் கதிரில் ஒரு வெடிப்பைக் கக்கியது. வேறொரு விண்வெளிக் கருவியான ஸ்விஃப்ட் அந்த நேரம் பார்த்து அதைப் பதிந்திருந்தது. விண்மீனின் ஒரு சீற்றத்துக்குக் கோளின் காற்று எட்டு மணி நேரத்தில் பதில் சொன்னதாக அலேன் லெகாவெலியே தெ ஏதானும் குழுவினரும் அதைப் படித்தார்கள். நொடிக்குக் குறைந்தது ஆயிரம் டன் வாயு போகிறது என்பது அவர்கள் கணக்கு. படித்தவுடன் எனக்குப் பதறியது. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதே வேகத்தில் போனால் கோள் முழுவதும் கரைய 60 லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அண்டத்தின் இன்றைய வயது 1,400 கோடி ஆண்டுகளுக்கும் குறைவு. நீலத்துக்கு ஆபத்து இல்லை.

சிறிய தொலைநோக்கியும் ஒளியளக்கும் கேமராவும் வைத்திருக்கும் பொழுதுபோக்கு வானியலாளர்கள் உலகெங்கும் இந்தக் கோளின் கடப்பைப் பதிந்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நாற்பதில் ஒரு பங்கு குறைவு என்பது கைக்கு எட்டும் இலக்கு. இருநோக்கியோடு மட்டும் மாடியில் நிற்பவருக்கு அந்தக் குறைவு தெரியாது. திருவோணத்திலிருந்து ஒன்றரை முட்டி வடக்கே போய், டம்பெல் நெபுலாவின் புகையைக் கண்டுபிடித்து, அதன் கிழக்கே நிலவின் பாதி அகலம் நகர்ந்தால் ஒரு மங்கிய புள்ளி நிற்கும். மின்னாது, மங்காது, எதுவும் நடப்பதுபோல் இருக்காது. நாம் பார்க்கும் அந்த ஒளி புறப்பட்டபோது வேறொரு விண்மீனின் உலகத்தை மனிதர் யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோள் உள்ளே நுழைந்திருக்கலாம். முதலில் விடியல் ஓரம், கடைசியில் அந்தி ஓரம். நுழைந்து வெளியேற ஒரு மணி ஐம்பது நிமிடம். அடுத்த முறை 53 மணி நேரம் கழித்து.